மரகதம் என்ற பெயருக்கு வந்த பதில்

எங்கள் சாந்தோம் மாதா கோயில் பங்கிலிருந்து டில்லிக்கு எம்.பி.யாகப் போன முதல் பெண் என் அத்தை. நாடாளுமன்றத்தில் அவள் எழுந்தாலே அமைச்சர்கள் காகிதம் தேடுவார்கள் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். எட்டு வயதில் எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. லீவுக்கு வந்தால் செருப்பு வாங்கித் தருவாள், அவ்வளவுதான்.

அன்று தி.நகருக்குத்தான் கிளம்பினோம். வழியில் அத்தைக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்ததும் டிரைவரிடம் அடையாறு பக்கம் திருப்பச் சொன்னாள். கார் ஆற்றோரம் ஒரு பெண்கள் காப்பகத்தின் முன் நின்றது.

உச்சி வெயில். உள்ளே அத்தனை பெண்கள் இருந்தும் ஒரு சத்தமில்லை. நீளக் கூடத்தில் ஒரே நிற நைட்டியில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பொறுப்பாளர் அம்மாள் சிரித்த முகமாக வருகைப் பதிவேட்டை நீட்டினாள். அத்தை ஒவ்வொரு பெயராகப் படித்தாள். "கீறேம்மா", "கீறேம்மா" என்று ஒவ்வொருத்தியாகத் தான் இருப்பதைச் சொன்னார்கள்.

"மரகதம்."

"கீறேம்மா" என்றது கூடம் முழுவதும், ஒரே குரலில்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அத்தை மறுபடி படித்தாள். மறுபடியும் எல்லோரும் சொன்னார்கள். உதடுகள் அசைந்ததுகூடத் தெரியவில்லை.

"வெளையாட்டுக்குப் பண்றாளுங்க மேடம்" என்றாள் பொறுப்பாளர்.

"மரகதம் எங்க உக்காந்திருக்கா?" என்று அத்தை அந்தப் பெண்களைக் கேட்டாள்.

கடைசி வரிசையில், நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தி மெல்ல நகர்ந்து, எனக்கும் தனக்கும் நடுவே இடம் விட்டாள். "இங்கதாம்மா கீறா. பாப்பாவுக்குப் பக்கத்துல."

வெறும் சிமெண்டுத் தரை. ஆனாலும் என் இடது கை சில்லிட்டது. ஓடிப்போய் அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை வந்து, கஞ்சி போட்ட பருத்திப் புடவையோடு அந்த இடத்தை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். "அவளக் காட்டாம நான் எந்திரிக்க மாட்டேன்."

பொறுப்பாளர் கெஞ்சினாள். யார் யாருக்கோ போன் போட்டாள். அத்தை அசையவில்லை. சாயங்காலம் அதிகாரிகளும் போலீசும் வந்தார்கள். கொல்லையில் தோண்டும்போது என்னைக் காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். அதையும் தாண்டி, யாரும் கூப்பிடாமலே அந்தப் பெண்கள் தங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசியதுதான் அத்தையை நாடறிய வைத்தது. கட்சி அடுத்த முறை அவளுக்கு சீட் தராததும் அதனால்தான். அந்தப் பேச்சைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். சோதனைக்கு ஆள் வந்தால் மரகதத்துக்காக ஒருத்தி பதில் சொல்ல வேண்டும் என்பது பொறுப்பாளரின் உத்தரவாம். எல்லோரும் சேர்ந்து சொன்னது உத்தரவில் இல்லை. அவர்களால் கொடுக்க முடிந்த ஒரே புகார் அது.

அன்று திரும்பும்போது எனக்குப் பசி. செருப்புக் கடை மூடியிருக்கும் என்ற கோபம் வேறு.

"மரகதம் கெடச்சாங்களா அத்தை?"

"கெடச்சிட்டாம்மா."

நான் சந்தோஷமாகக் கை தட்டினேன். "அவங்க சாப்ட்டாங்களா?" என்று கேட்டேன்.

அத்தை என் தலையை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டாள். வீடு வரும்வரை கையை எடுக்கவேயில்லை.