வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசுகிறவர்கள்

கொழும்பிலிருந்து வந்து பதுளையில் தங்கியிருந்த நான், காலை ஆறரைக்குப் பண்டாரவளை பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகள் ஓயவில்லை. பண்டாரவளையில் பஸ் மாறி, ஒன்பதரைக்குப் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் இறங்கினேன்.

பத்திரிகைக்கு எழுதுவதற்காக நான் பார்க்கப் போனது ராஜேஸ்வரியை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அவருக்கு வேலை. பக்கத்து வீட்டுக் கலாவுக்கு இருபத்திரண்டு வயது. சிறு வயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கிறாள். பிடிபடாததை ராஜேஸ்வரி குரலில்லாமல் தன் உதட்டில் திருப்பிச் சொல்கிறார்.

அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நான் வாயை அகலப் பிளந்து, ஒவ்வொரு எழுத்தாக என் பெயரைச் சொன்னேன். கலா சிரித்துவிட்டாள்.

"சும்மா பேசுங்க சார். பல்லு டொக்டருக்குக் காட்டுற மாதிரி பண்ணாதீங்க," என்றார் ராஜேஸ்வரி.

அப்போது ஒரு பெண் வந்தார். வாசலோரத்துச் சாக்கடைக் கானில் வெற்றிலையைத் துப்பி, வாயைத் துடைத்து, வெளிச்சத்தில் நின்று கலாவிடம் "சாப்ட்டியா?" என்றார். பின்னால் வந்த கங்காணியும் அப்படியே துப்பிவிட்டுத்தான் பேசினார்.

"வெத்தல வாயில இருந்தா அவளுக்கு ஒதடு புரியாதுங்க. இந்த லயத்துல எல்லாரும் அப்படித்தான்," என்றார் ராஜேஸ்வரி.

கலாவுக்குத் தையல் வேலைதான் வேண்டும். ஏற்கெனவே இரண்டு கடைகள் காது கேட்காதவள் என்றதும் கையை விரித்துவிட்டன. அன்று மூன்றாவது கடைக்கு அழைத்திருந்தார்கள். நானும் கூடப் போனேன்.

பண்டாரவளையில் கடையை அடைந்தபோது பன்னிரண்டு மணி. முதலாளி ஹாஜியார் உதடுகளுக்கிடையே குண்டூசிகளைக் கவ்வியபடி, கலா தைத்துக் கொண்டுவந்த துணிமேல் குனிந்தே பேசினார். கலாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ராஜேஸ்வரி எதிரில் அமர்ந்து உதட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தையல் நல்லாத்தான் ஈக்குது. ஆனா நீங்க ஒவ்வொரு நாளும் வரமாட்டீங்களே. கடைக்கு வாற ஆக்களோட இவ எப்படிப் பேசுற?" என்று ராஜேஸ்வரியையே கேட்டார் ஹாஜியார்.

"அவகிட்டயே கேளுங்க முதலாளி," என்று ராஜேஸ்வரி எழுந்து தெருவுக்குப் போய்விட்டார்.

ஹாஜியார் கேட்பதற்குள் ஓர் அம்மா சட்டைத் துணியோடு வந்தார். வாய் நிறைய வெற்றிலை. அவர் பேசியதைப் பார்த்த கலா தலையசைத்து, தன் வாயைத் தொட்டு, வெளியே கானைக் காட்டினாள். சொல்லாமலே துப்புகிற லயத்தில் வளர்ந்தவளுக்கு, அது மரியாதைக் குறைவு என்று தோன்றவே இல்லை.

"என்ன, என்னையத் துப்பச் சொல்றாளா?"

தெருவில் நின்ற ராஜேஸ்வரி தலையில் கைவைத்தார். காரியம் கெட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

கலா அளவு நாடாவோடு நின்றபடி, தடித்த குரலில், "காது கேக்காதுங்க. ஒதடு பாக்கணும்," என்றாள்.

அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார். துப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

"கை கொஞ்சம் நீளமா வைக்கணும், என்ன?"

கலா அளவெடுத்து முடித்ததும் ஹாஜியார் ஏதோ சொன்னார். ஊசிகள் இன்னும் வாயில்தான் இருந்தன. கலா அவரைப் பார்த்தாள். அவள் விரல் மறுபடி தன் வாய்க்குப் போயிற்று.

அவர் ஊசிகளை எடுத்து மேசையில் வைத்தார். வாசல் வெளிச்சத்துக்கு வந்து, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"திங்கக்கிழம வாங்க மகள்."

மூன்று மணிக்குப் பதுளை பஸ் ஏறினேன். மழை வந்ததால் ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். கொழும்பில் என் அலுவலகத்தில் முகம் பார்த்துப் பேசுகிறவர்கள் குறைவு. போனைப் பார்த்தபடியே எல்லாம் பேசி முடிகிறது. கண்ணாடிக்கு வெளியே குடை பிடித்து நின்ற கலா ஏதோ சொன்னாள். எனக்குப் பிடிபடவில்லை. ராஜேஸ்வரி உதட்டில் திருப்பிச் சொன்னார். அதுவும் பிடிபடவில்லை.

கலா ஜன்னலை ஒட்டி வந்தாள். காலையில் நான் செய்தது போலவே வாயை அகலப் பிளந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்: தி-ங்-க-க்-கி-ழ-ம.