சமதரை முந்நூறு அடி

மலையில் சைக்கிள் ஓட்டம் என்றால் பாதி தள்ளுவதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு ஹட்டனிலிருந்து வட்டவளைப் பக்கம் கிளம்புவோம். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவோம். செங்குத்தான இறக்கத்திலும் இறங்கிவிடுவோம்; அந்தக் காலத்துக் கம்பி பிரேக்கை நம்பினால் பள்ளத்தில் கிடக்க வேண்டியதுதான். எங்களைப் பார்த்துச் சிரிக்காத ஆட்டோக்காரர் கிடையாது.

வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் புகுந்து போவோம். அங்கே சமதரை என்று இருப்பதே தோட்டத்தை நிர்வகித்த தொரையின் பழைய பங்களாவுக்கு முன்னால் உள்ள முந்நூறு அடிதான். கந்தப்பன் அண்ணன் எங்களோடு முதல்முதலாக வந்த அன்று, சரியாக அந்த இடத்தில் இறங்கித் தள்ளினார்.

"பஞ்சராண்ணே?" என்று எங்கள் கூட்டத்து றோலண்ட் கேட்டான். அண்ணன் தள்ளிக்கொண்டே போனார். பங்களாவைத் தாண்டியதும் ஏறிக்கொண்டார். அடுத்த வாரமும் அதே கதை.

மூன்றாவது வாரம் தேத்தண்ணிக் கடையில் வைத்து நான் விடாமல் கேட்டேன்.

அண்ணனுக்கு அறுபது நெருங்குகிறது. அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, பதினாறு வயதில் வெளியேறி, இன்றுவரை ஹட்டன் இரும்புக்கடை ஒன்றில் ஆணி நிறுக்கிறவர். கல்யாண வீட்டில்கூட நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அவர் ஓட்டுவது அப்பாவின் றலி சைக்கிள். அப்பா செல்லசாமி தோட்டத்துக்குத் தபால் கொண்டுவந்தவர்.

"பங்களா கிட்ட எல்லாரும் எறங்கித்தான் போகணும் தம்பி. அதான் அப்ப சட்டம். ஒருநாள் நல்ல மழை, அப்பா எறங்கல. மறுநாள் காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுல, மொத்த ஆளும் நிக்கிறப்ப, தொரை ரெண்டு டயரையும் கிழிக்கச் சொன்னாரு. சைக்கிள தலையில தூக்கிக்கிட்டு பெரட்டுக்களத்த சுத்தி வரச் சொன்னாரு. அப்பா சுத்துனாங்க. நானும் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

"இப்ப எங்கண்ணே தொரை? பங்களாதான் ஹோட்டலாயிருச்சே."

"தெரியும். நான் எறங்குறதில்ல தம்பி. காலு எறங்கிருது."

நான் தேத்தண்ணிக் கிளாஸை மேசையில் அடித்து வைத்தேன். வெள்ளைக்காரன் போய் உள்ளூர்த் தொரை வந்து, அவனும் போய், ஐம்பது வருடம் ஆகிறது. அந்தத் தொரை இன்னும் ஒரு மனிதரைச் சைக்கிளை விட்டு இறக்குகிறான். கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "அடுத்த ஞாயிறு நீங்க எறங்கக்கூடாது. எவன் கேக்குறான்னு நான் பாத்துக்கிறேன்."

"பாப்போம்," என்றார் அண்ணன்.

அந்த வாரம் முழுக்க எனக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் என் மனைவி ஜொய்சி, "சைக்கிள் ஓட்டப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா?" என்று கேட்டாள். இரண்டுக்கும்தான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பங்களா வாசலில் புதிதாக ஒரு பழைய சைக்கிள் நின்றது. வெள்ளைப் பெயின்ட் அடித்து, கேரியரில் பூச்சட்டி வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஏறிப் போகக்கூடாத சைக்கிள் இப்போது அவர்களுக்கு அலங்காரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது வாசலில் நின்ற வாச்சர் விசில் ஊதினார். "அண்ணே, கெஸ்ட் இருக்காங்க. எறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க."

கந்தப்பன் அண்ணன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருடைய இடது கால் பெடலை விட்டு விலகியது. கொஞ்ச நேரம் காற்றில் தொங்கியது. பிறகு மறுபடியும் பெடலுக்கே போனது. அவர் மணியை அடித்தார். அடித்துக்கொண்டே முந்நூறு அடியும் மிதித்துப் போனார்.

"எங்கள எறங்கச் சொல்ல நீங்க யாரு?" என்று நான் வாச்சரைப் பார்த்துக் கத்தினேன். குரல் நன்றாகத்தான் வந்தது. ஆனால் சீட்டில் உட்கார்ந்தபடியே என்னைக் கடந்த றோலண்ட், என் கால்களைப் பார்த்துக்கொண்டு போனான்.

நான் தரையில் நின்றேன். விசில் கேட்டதும் எனக்கே தெரியாமல் இறங்கியிருக்கிறேன். கைப்பிடியைப் பிடித்து, தள்ளவும் தயாராக.

என் சைக்கிள் டயரை எவனும் கிழித்ததில்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. தூரத்தில் மணி கேட்டுக்கொண்டே இருந்தது. நல்லவேளை, அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.