மாதத்தில் பத்து நாள்

கண்டி முனிசிபல் கந்தோரில் மோட்டார் அனுமதிப் பத்திரம் எழுதும் மேசை சேதுராமனுடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் அவருக்கு நாற்பத்தாறு வயது; அந்த மேசைக்கு வந்து பதினோரு வருடம். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்திருந்ததில்லை. ஆனாலும் ஊரில் கார் வாங்க ஆசைப்பட்டவன் எவனும் முதலில் அவரிடம்தான் வந்து நிற்பான். காரணம் இருந்தது. பத்திரம் எடுக்க வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பதில்லை. எந்தக் கார் கடுகண்ணாவை ஏற்றத்தில் கொதித்தது, எது ஹுன்னஸ்கிரியப் பக்கம் மழையில் படுத்துவிட்டது, எது எத்தனை நாள் கராஜில் கிடந்தது என்று புலம்பிவிட்டுத்தான் போவார்கள். பதினோரு வருடப் புலம்பலும் அவர் தலைக்குள் பத்திரமாக இருந்தது.

அபிப்பிராயம் சொல்லும்போது அவர் கொஞ்சம் நீதிபதி ஆகிவிடுவார். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லாத காருக்கு மலைநாட்டில் வேலையே இல்லை என்பார். பொத்தானை அழுத்திக் கிளப்பும் புது வண்டிகளை அவர் நம்பவில்லை. பற்றரி செத்துவிட்டால் அந்தப் பொத்தான் சட்டையில் தைக்கத்தான் ஆகும், முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றவும் வழி இருக்க வேண்டும் என்பார். நிறத்தைப் பார்த்துக் கார் எடுக்கிறவனிடம், நீ சேலைக் கடைக்குப் போயிருக்கலாமே என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். எல்லாரும் பயபக்தியோடு கேட்டுக்கொள்வார்கள். அவர் சொன்ன காரையே வாங்குவார்கள். வாங்கியபின், வாருங்கள் ஒரு சுற்றுப் போகலாம் என்று கூப்பிட்டவர் ஒருவர்கூட இல்லை. அது அவர் மனதில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளமாட்டார்.

கல்யாணம் ஆகவில்லை. திருகோணமலை வீதியில் ஒரு மாடி அறை, மூலைக்கடையில் மூன்று வேளைச் சாப்பாடு, இந்தியாவில் இருந்த தங்கை கமலத்திடமிருந்து வருடத்துக்கு இரண்டு கடிதம். இவ்வளவுதான் அவர் குடும்பம். இவற்றுக்கு மேல் ஒன்று இருந்தது என்றால் அது மக்கீன்.

மக்கீன் கொழும்பு வீதியில் புடவைக் கடை வைத்திருந்தவர், சேதுராமனைவிட ஐந்தாறு வயது மூத்தவர்; அதனால் சேதுராமனுக்கு அவர் நானா, அதாவது அண்ணன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் டொக்டர் அவரை நடக்கச் சொன்னார். தனியாக நடக்க அலுப்பாக இருந்ததால், கடை வரி கட்டக் கந்தோருக்கு வந்த இடத்தில் சேதுராமனையும் இழுத்துக்கொண்டு போனார். அன்று தொடங்கியது. தினமும் ஐந்து மணிக்கு வாவிக்கரையில் சந்தித்து ஒரு சுற்று நடந்து, அந்தி மஃரிப் தொழுகை நேரத்துக்குப் பிரிந்துவிடுவார்கள். நாளைக்கு வருவீர்களா என்று இருவரும் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. மற்ற இருபத்துமூன்று மணி நேரத்தையும் சேதுராமன் அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் ஓட்டினார்.

மக்கீனுடைய மகள் ருக்கியா வத்தேகமவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். நினைத்த நேரம் போய்ப் பார்க்க ஒரு கார் வேண்டும் என்று மக்கீன் தீர்மானித்தார். பார்த்துவைத்தவை இரண்டு. ஒன்று கறுப்பு, பெட்டிபோல ஒரு உருவம், அழகு மருந்துக்கும் கிடையாது. மற்றது பச்சை, நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே பூ வைக்க ஒரு குட்டிச் சாடிகூட இருந்தது.

"எனக்கு இதெல்லாம் வெளங்காது சேது," என்றார் மக்கீன், வாவிக்கரையில் நின்று. "நீங்க எதச் செல்றீங்களோ அதத்தான் எடுப்பேன்."

கறுப்புக் கார் கராஜ் வாசலையே மிதிக்காது என்று சேதுராமனுக்குத் தெரியும். பச்சைக் காரில் பெற்றோலை உறிஞ்சிக் கொடுக்கும் தொட்டி ஏற்றத்தில் கைவிட்டுவிடும் என்பதும் தெரியும். கண்டியில் அந்த மாதிரிக் கார் வைத்திருந்த மூன்று பேரும் மாதத்தில் பத்து நாள் வண்டியைக் கராஜில்தான் விட்டிருந்தார்கள். கார் வந்துவிட்டால் மக்கீன் சாயங்காலங்களில் வத்தேகமவுக்குப் போய்விடுவார். ஆனால் பச்சைக் கார் என்றால் பத்து நாள் வண்டி கிடையாது. பத்து நாள் போதும் என்று தோன்றியது அவருக்கு. பிச்சை கேட்கிறவன் அளவு பார்த்தா கேட்கிறான்?

"பச்சையை எடுங்க நானா," என்றார். "மூடின காரு, மழைக்கு நல்லது."

நினைத்தபடியே நடந்தது. கார் வந்ததும் மக்கீன் டிரைவர் வைத்துக்கொண்டு தினமும் வத்தேகம போனார். சேதுராமன் தனியாக நடந்தார். மூன்றாம் வாரம் கார் நின்றுபோய்க் கராஜுக்குப் போயிற்று என்ற செய்தி கந்தோருக்கு வந்தது. அன்று சேதுராமன் நாலரைக்கே வாவிக்கரைக்குப் போய்விட்டார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், தலையைக்கூட மறுபடி வாரிக்கொண்டுதான் போனார். மக்கீன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் மனது கேட்காமல் கராஜுக்கே போனார்.

மக்கீன் அங்கே ஒரு வாங்குப் பலகையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூன்று பேர், அதே மாதிரிக் கார் வைத்திருந்தவர்கள். நான்கு பேரும் தேத்தண்ணி குடித்தபடி அந்தத் தொட்டியைத் திட்டுவதில் சிநேகிதர்கள் ஆகியிருந்தார்கள். சேதுராமன் செய்த கணக்கில் அந்த வாங்கு இல்லை.

மக்கீன் அவரைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, இவர் சொல்லித்தான் எடுத்தேன், ஒரு நல்ல மனுஷன் என்று மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். குறையாக அல்ல, பேச்சோடு பேச்சாகத்தான் அடுத்ததைச் சொன்னார்: போன ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு மகளிடம் போகும்போது வத்தேகம ஏற்றத்தில் கார் நின்றுவிட்டதாம், பகல் முழுதும் வீதியோரத்தில் இருந்தாராம். வாப்பா வருவார் என்று ருக்கியா அந்த வயிற்றோடு மாலைவரை சாப்பிடாமல் இருந்தாளாம்.

சேதுராமனால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. கொஞ்சம் வெளியே வாருங்கள் என்று மக்கீனைக் கூப்பிட்டார். கராஜ் சுவர் ஓரமாக நின்றார்கள்.

"நானா, நான் கறுப்புக் காரத்தான் சொல்லியிருக்கணும். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா பொறகு ஏன் இதச் செல்லினீங்க?"

"இது மாசத்துல பத்து நாள் கராஜ்ல கெடக்கும். அந்தப் பத்து நாளாவது நடக்க வருவீங்கன்னு நெனச்சேன்."

மக்கீன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வரும் என்று சேதுராமன் எதிர்பார்த்தார். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மக்கீனின் முகம் மட்டும் மெல்ல வாடியது.

"வாங்க நானான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா வந்திருப்பேனே சேது," என்றார். "அதுக்கு என்ட புள்ளய ஏன் பட்டினி போட்டீங்க?"

சேதுராமன் சுவரில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார். எந்தக் காருக்கும் பதில் வைத்திருந்த மனிதர் அவர்.

தொழுகைக்கு நேரமாகிறது என்று சொல்லி மக்கீன் பள்ளிவாசல் பக்கம் திரும்பினார். நாலடி நடந்தவர் நின்றார். செருப்பைச் சரி செய்வதுபோல ஒரு நிமிடம் அங்கேயே குனிந்திருந்தார். கேட்பதென்றால் அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். சேதுராமனுக்கு அது நன்றாகவே தெரிந்தது. நாளைக்கு வாங்க நானா என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் அவர் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியதில்லை. மக்கீன் நிமிர்ந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்து, வீதி முனையில் மறையும் வரை அவர் வாய் திறக்காமல் அங்கேயே நின்றார்.