அக்காவுக்கும் தம்பிக்கும் ஐந்து மாதம்

போன வருடம் ஆகஸ்ட் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் சாதிச் சான்றிதழ் சிறப்பு முகாம் போட்டிருந்தார்கள். நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்த பிறகு, அவர்கள் அலையாமல் ஒரே இடத்தில் மனுக் கொடுப்பதற்கான ஏற்பாடு. நான் ஒரு தொடக்கப் பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மனு நிரப்பித் தரலாமே என்று போய் உட்கார்ந்தேன். தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்கன். முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள்கூட அதில் இருக்கும்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கும் ஒரு அம்மா, கணவர், மகள், மகனோடு வந்தார். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். அடுத்த திங்கட்கிழமை நர்சிங் கலந்தாய்வு. அதற்குள் சான்றிதழ் கையில் இல்லையென்றால் அவளுக்குரிய ஒதுக்கீட்டு இடம் போய்விடும்.

வருவாய் ஆய்வாளர் பிள்ளைகளின் தொடக்கப் பள்ளிச் சான்றுகளைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

"ஏம்மா, அக்கா பொறந்து அஞ்சே மாசத்துல தம்பியா? கேட்டா டாக்டரே மயங்கி விழுந்துருவாரு."

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். மகள் தலை குனிந்துகொண்டாள். ஆய்வாளர் குரலைத் தணித்து, இரண்டில் ஒன்று உங்கள் பிள்ளை இல்லை என்று ஆகிறதே, இதை வைத்து எப்படிப் பரிந்துரைப்பது என்றார்.

நான் சான்றுகளை வாங்கிப் பார்த்தேன். அக்காவுக்கு ஜூன் ஒன்று. தம்பிக்கு அதே வருடம் நவம்பர். வருட எண்ணில் இருந்த ஏழுக்கு நடுவே ஒரு சின்னக் கோடு. அப்படிக் கோடு போடுவது என் வழக்கம். எழுத்தும் என்னுடையது.

அந்தக் காலத்தில் பெற்றோருக்குத் தேதி தெரியாவிட்டால் ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது வருகிற மாதிரி ஏதாவது எழுதுவோம். அக்காவை ஒரு வருடம், தம்பியை அடுத்த வருடம் சேர்த்திருக்கிறார்கள். முந்தைய பதிவை நான் புரட்டிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு சிலிண்டருக்குக் கொடுத்த கவனத்தை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை.

எழுந்து நின்று, "தப்பு என்னோடது சார்" என்றேன். பிறகு அந்த அம்மாவிடம், "அன்னைக்கே சரியான நாளைச் சொல்லியிருக்கலாமேம்மா?" என்று கேட்டேன். அதிலும் பழியை அவர் பக்கம் தள்ளத்தான் பார்த்திருக்கிறேன்.

"தேதி தெரியுமான்னு கேட்டீங்க, தெரியாதுன்னேன். எப்பப் பொறந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே சார்."

"இப்பக் கேக்குறேன்."

அவர் விரல் மடக்க ஆரம்பித்தார். கொரோனாவால் திருவிழா நடக்காத வருடத்திலிருந்து பின்னோக்கி. அதற்கு முந்தின சித்திரைத் திருவிழாவில் விற்றது லைட் எரிகிற கொம்பு. அதற்கு முன்னால் செல்பி குச்சி. அதற்கும் முன்னால் சோப்பு நுரை ஊதுகிற குழல். இப்படியே ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு சரக்கு. எந்த ஊர்த் திருவிழாவில் எங்கே கூடாரம் போட்டார்கள் என்பது உட்பட. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

"அமுக்குனா பாட்டுப் பாடுற பொம்மை செல்போன் வந்துச்சுல்ல, அந்த வருசம் தைப்பூசத்துக்கு மறுநா காலையில, பழனி கவர்மென்ட் ஆஸ்பத்திரியில இவ பொறந்தா. அடுத்த வருசம் வேளாங்கண்ணிக் கொடியேத்தத்தன்னைக்கு இவன். கூடாரத்துலயே."

கணவர் குறுக்கே, "இவகிட்டச் சண்டை போட முடியாது சார். எந்தத் திருவிழாவுல என்ன பேசுனேன்னு சொல்லிப்புடுவா" என்றார். இந்த முறை அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

வீட்டுக்கு ஓடினேன். அவர் எண்ணிய வருடத்தின் நாட்குறிப்பை எடுத்தேன். சித்திரைத் திருவிழா வாரத்தில் என் எழுத்திலேயே இருந்தது: மகனுக்குப் பாட்டுப் பாடும் பொம்மை போன் வாங்கியது, இரண்டே நாளில் பக்கத்து வீட்டார் வந்து முறையிட்டது. வருடம் சரி. தைப்பூசம் அந்த வருடம் எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்து, மறுநாளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு திரும்பினேன்.

பழைய தேதிகள் நானாக யூகித்து எழுதியவை என்று வாக்குமூலமும் கொடுத்தேன். பிறப்புப் பதிவு கிடைத்தால் கோட்டாட்சியருக்கு உடனே அனுப்புகிறேன் என்றார் ஆய்வாளர். இப்போது அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் பழனிக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை நகலோடு வந்தார்கள். பிள்ளையின் பெயர் இல்லை. 'பெண்' என்று மட்டும் இருந்தது. தாய், தகப்பன் பெயர்கள் இருந்தன. தேதி, நான் தாளில் குறித்துக்கொடுத்த அதே நாள். இத்தனை வருடம் கழித்து, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. நகலை ஆய்வாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை சான்றிதழ் வந்தது. அவள் கலந்தாய்வுக்குப் போனாள், இடமும் கிடைத்தது.

என் மேசைக்கு முன்னால் எத்தனையோ தாய்மார்கள் வந்து நின்றிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் இப்படி முழு விடையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, நான் எழுதிய பொய்த் தேதிக்குக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்களோ.