ஒன்பதாம் நம்பர் கட்டிலுக்கு டிஸ்சார்ஜ்

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பேட்டரிக்காரர் என்றால்தான் தெரியும். முப்பது வருடமாகக் கார், லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பவர். ஆசிட் தெறித்துத் தெறித்து அவருடைய சட்டைகளில் பொடிப்பொடியாக ஓட்டைகள் இருக்கும். "உங்க சட்டையில சோறு வடிக்கலாம்" என்பாள் மனைவி. ஆனாலும் உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டையையும் தைத்துக் கொடுத்துவிடுவாள். பிள்ளை இல்லாத வீடு. இருந்தது அவர்கள் இரண்டு பேரும், அடுத்த தெருவில் குடியிருந்த அவளுடைய தம்பியும்தான். தம்பி வாடகைக் கார் ஓட்டினான். கல்யாணம் செய்துகொள்ளாதவன். மூன்று வேளையும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவளுக்குக் குடலில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் மாலை டாக்டர் வந்து பார்த்து, "இப்படியே இருந்தா ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். பேட்டரிக்காரர் அந்த ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ராத்திரி துணைக்கு ஆண்களை அந்த வார்டில் விடமாட்டார்கள். வீட்டுக்கு வந்து, பல நாளைக்கு அப்புறம் அசந்து தூங்கினார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கடையைத் திறந்து லாரி பேட்டரி ஒன்றுக்கு வயரை மாட்டிக்கொண்டிருந்தார். மச்சான் காரைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றான். போன் அடித்தது. கையெல்லாம் ஆசிட். மச்சானே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினான்.

"ஒன்பதாம் நம்பர் பெட் அம்மாவோட வீட்டுக்காரரா?" ஒரு நர்ஸின் குரல்.

"ஆமாம்மா, சொல்லுங்க."

"அம்மாவுக்கு டிஸ்சார்ஜ் இருக்கு. டாக்டர் பார்த்துட்டாரு. நீங்க வந்து கையெழுத்துப் போடணும். கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

"இதோ வந்துட்டேம்மா!"

டிஸ்சார்ஜ் என்ற சொல் அவருக்குப் புதிதல்ல. நாளைக்கு நாற்பது தடவை அவர் வாயில் வருவதுதான். கடையில் சொன்னால் பேட்டரி செத்துப்போச்சு என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். மூன்றாவதாக ஓர் அர்த்தம் இருக்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

வயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடையைப் பாதி இழுத்து மூடினார். "மாமா, அக்கா மாடி ஏறணுமே?" என்றான் மச்சான். அப்போதுதான் உறைத்தது. வீடு மாடியில். பதினெட்டுப் படி, நடுவில் ஒரு திருப்பம். வயிற்றில் தையலோடு அவள் எப்படி ஏறுவாள்?

கீழ் வீட்டில் துணி தேய்க்கிறவரிடம் கை வைத்த மர நாற்காலி ஒன்று இருந்தது. அதை வாங்கி, மச்சானை உட்காரவைத்து, துணி தேய்க்கிறவர் முன்பக்கமும் இவர் பின்பக்கமுமாகத் தூக்கிப் பார்த்தார்கள். திருப்பத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. "அக்கா இவ்வளவு கனம் இருக்கமாட்டா. நான்தான் அவ சமையலைத் தின்னு தின்னு இப்படி ஆயிட்டேன்" என்று மச்சான் சொல்ல, மூவரும் சிரித்த சிரிப்பில் நாற்காலி கை நழுவப் பார்த்தது. சாய்த்துப் பிடித்தால் போகிறது என்று நாலாவது தடவையில் கண்டுபிடித்தார்கள். பிறகு வீட்டைப் பெருக்கித் துடைத்தார். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுத் துவைத்த விரிப்பை விரித்தார். அலமாரியில் அவளுக்குப் பிடித்த வெளிர்நீலப் புடவையைத் தேடி எடுத்துப் பையில் வைத்தார்.

நடுவில் ஒரு தடவை நர்ஸிடமிருந்து போன் வந்தது. "கிளம்பிட்டீங்களா?"

"வந்துட்டே இருக்கோம்மா. வண்டியெல்லாம் ரெடி."

அவர்கள் வார்டுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று ஆகியிருந்தது.

அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. காலடிச் சத்தத்தில் விழித்தவள் பையைப் பார்த்தாள். பையிலிருந்து எட்டிப் பார்த்த நீலத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, வீட்டுக்கா?"

"பின்ன? எழுந்திரு, கிளம்பலாம்."

அவள் தலையணைக்கு அடியிலிருந்த சீப்பைத் தடவி எடுத்தாள். பாதித் தலை வாரியிருப்பாள். அதற்குள் நர்ஸ் ஓடிவந்து திரையை இழுத்தாள். "சார், எங்கே போயிட்டீங்க? ரெண்டு மணி நேரமா தியேட்டர் ரெடியா இருக்கு. உள்ளே தையல் விட்டிருக்கு. மறுபடி திறந்தாகணும். இதுல போடுங்க கையெழுத்து."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "டிஸ்சார்ஜ்னு சொன்னீங்களேம்மா?"

"இதைத்தான் சார் சொன்னேன்" என்று நர்ஸ் போர்வையை விலக்கிக் காட்டினாள். வயிற்றுக் கட்டு முழுதும் மஞ்சளும் பழுப்புமாக ஊறிப்போயிருந்தது. நாற்றம் முகத்தில் அடித்தது. அவர் நர்ஸ் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

தள்ளுகட்டிலில் மாற்றும்போது மனைவி அவர் விரலைப் பிடித்தாள். "மாடிப்படி எப்படி ஏறப்போறேன்னு பயந்துட்டே இருந்தேங்க. இப்போதைக்கு அந்தக் கவலை இல்ல." அவர் சிரிப்பார் என்று ஒரு கணம் காத்திருந்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு கணத்துக்காக அவர் பிற்பாடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பதினோரு நாள் இழுத்துக்கொண்டு கிடந்தாள். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். பன்னிரண்டாம் நாள் விடிகாலையில் போய்விட்டாள்.

"நான் ஒன்பது மணிக்கே வந்திருந்தா பொழைச்சிருப்பாளா டாக்டர்?" என்று கேட்டார்.

"சொல்ல முடியாதுங்க. பொழைச்சிருக்கலாம். அப்பவும் இதேதான் நடந்திருக்கலாம்."

பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. பிற்பாடு, சொல்லாததே நல்லது என்று பட்டது.

காரியங்கள் முடிந்தபின் மச்சான் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். தெருவில் எதிர்ப்பட்டால் காரை வேறு சந்தில் திருப்பினான். அக்காவைக் கொன்றவன் நான்தான் என்று நினைக்கிறான் போலிருக்கிறது என்று பேட்டரிக்காரர் எண்ணிக்கொண்டார். நினைக்கட்டும், அதில் என்ன தப்பு? கடையில் அவர் அந்தச் சொல்லை விட்டொழித்தார். "சார்ஜ் இறங்கிடுச்சு" என்றே சொன்னார். வாடிக்கைக்காரர்கள் கவனிக்கவுமில்லை.

இரண்டு மாதம் கழித்து, அவளுடைய காகிதங்களை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். வராந்தாவில் அந்த நர்ஸ் எதிரே வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இவரைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"சண்டை போட வரலம்மா" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஏன் சீழ் வடியுதுன்னு தமிழ்ல சொல்லல? சொல்லியிருந்தா செருப்புகூட மாட்டாம ஓடி வந்திருப்பேனே."

அவள் கையிலிருந்த நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "போன்ல சீழ், நாத்தம்னு சொன்னா நீங்க பதறிப்போயிடுவீங்கன்னு நெனச்சேன் சார். வண்டியில வர்றவங்க. பதற்றத்துல எங்கயாவது விழுந்துடுவீங்களோன்னு... இங்கிலீஷ்ல சொன்னா கொஞ்சம் மெதுவா இருக்கும்னுதான் அப்படிச் சொன்னேன். நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பையோட வந்து நின்னீங்களே, அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் யாருக்கும் அப்படிச் சொல்றதில்ல சார்."

தன் மேல் இரக்கப்பட்டுச் சொன்ன சொல்லா அது? அவளைத் திட்டலாம் என்று ஒரு சின்ன ஆசை மனதின் ஓரத்தில் இருந்திருக்க வேண்டும். அதுவும் போயிற்று. "அழாதம்மா, வேலையைப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. நேராக வாடகைக் கார்கள் நிற்கும் இடத்துக்குப் போனார். மச்சான் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தான். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தான். கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ள, நான் வேணும்னு லேட் பண்ணல. அந்தப் பொண்ணு சொன்னது எனக்கு வேற மாதிரி..."

"எனக்குத் தெரியாதா மாமா?" மச்சான் எழுந்து உட்காரவில்லை. காரின் கூரையைப் பார்த்தபடியே பேசினான். "ஸ்பீக்கர்ல போட்டது யாரு? நானும்தானே கேட்டேன். தினமும் பத்து ஆஸ்பத்திரிக்குச் சவாரி போறவன். 'என்ன டிஸ்சார்ஜும்மா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாடிப்படியை ஞாபகப்படுத்தி உங்களை நிறுத்தி வச்சதே நான்தான். எந்த மூஞ்சியோட வீட்டுக்கு வருவேன்?"

அவன் ஒதுங்கியது இவர் மேல் உள்ள கோபத்தில் அல்ல என்பது உள்ளே இறங்க அவருக்கு நேரம் பிடித்தது. ஒரே குற்றத்தை இரண்டு பேரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல் சுமந்திருக்கிறார்கள். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். மச்சான் தலையாட்டினான். வெளியே யாரோ சவாரிக்கு வந்து கண்ணாடியைத் தட்டினார்கள். அவன் கையசைத்து அனுப்பிவிட்டான்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"நானும் இல்ல. எனக்குச் சமைக்கத் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

வண்டியை எடுத்தான். வழியில் இறங்கி அரிசியும் பருப்பும் வாங்கினார்கள். எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்று கடைக்காரரின் மனைவியிடம் பேட்டரிக்காரர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.