ராஜாவைத் தொட்ட கை

ஒலக்கூர் பக்கம் என் ஓரகத்தி செந்தாமரை அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. செஸ்காரி என்றால் போதும், வீட்டைக் காட்டிவிடுவார்கள். பள்ளியில் படிக்கும்போதே மாவட்டக் கோப்பை வாங்கியவள். கல்யாணமானதும் செஸ் பலகை பரணுக்குப் போனது. மகள் கலைப்பிரியா தலையெடுத்த பிறகு அதை இறக்கினாள். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, காயவைத்துக்கொண்டே செல்போனில் ஆடிப் பழகி, மறுபடியும் மாவட்ட சாம்பியன் ஆனாள்.

அவள் புருஷன் பச்சைமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. போட்டி எப்போதும் மல்லாட்டை பிடுங்கும் சமயத்தில்தான் வந்து தொலைக்கும். இந்த வருஷம் கிளம்பும்போது, தோற்றால் இதோடு சரி, பலகை அடுப்புக்குள் போய்விடும் என்றார். அக்கா வாயே திறக்கவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. துணைக்கு நானும் விழுப்புரம் பஸ் ஏறினேன்.

கடைசி ஆட்டம் திண்டிவனத்துக் கல்லூரிப் பெண் அருணாவோடு. அக்காவின் ராணிக்கு ஆபத்து. அதை இப்போதே நகர்த்தினால் கோப்பை அவளுக்கு, இல்லாவிட்டால் ராணி போச்சு. அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. நாற்காலியை முன்னே இழுத்தபோது அவள் கால் மேசையில் இடித்துப் பலகை குலுங்கியது.

பலகை அவளுக்குச் சாமி மாதிரி. கை தானாகப் போய் ராஜாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. புத்தகத்தில் கால் பட்டால் நாம் செய்வோமே, அதேதான்.

ஆனால் செஸ்ஸில் தொட்ட காயைத்தான் ஆட வேண்டும். நடுவர் நடராசன் நிமிர்ந்து பார்த்தார்.

அருணா முந்திக்கொண்டாள். “சார், அது கும்புட்டாங்க. நானா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன். நீங்க ராணிய ஆடுங்கக்கா.”

நடுவரும் தலையாட்டினார். ஆடித் தொலையேன் என்று எனக்குள் கத்தினேன்.

“தொட்டுட்டேன்மா,” என்றாள் அக்கா. ராஜாவை ஒரு கட்டம் தள்ளிவைத்தாள். ராணி போனது, கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் போனது. அருணா அழுதேவிட்டாள். அக்கா அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தாள்.

பஸ்ஸில் நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஊரறிய இப்படி ஒரு பைத்தியக்காரி உண்டா? வீட்டு வாசலில் பச்சைமுத்து நின்றிருந்தார். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, பையிலிருந்த பலகைக்குக் கையை நீட்டினார்.

அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“தோத்துட்டேன். அடுத்த வருசமும் போவேன்.”

“நான் சொன்னது என்னாச்சு?”

“தொட்டா ஆடணும்ன்றது நான் ஒத்துக்கினு ஒக்கார்ற விதி. அதுக்குக் கோப்பையவே குடுத்துட்டு வர்றேன். இது நீங்களா போட்டது. நான் எப்பங்க ஒத்துக்கினேன்?”

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அக்கா உள்ளே போய்ப் பலகையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, மல்லாட்டை பிடுங்கக் கொல்லைக்குக் கிளம்பினாள்.