பச்சையில் ஐம்பத்து நாலு

லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் படிக்கட்டுக்குக் கீழே என் மனைவி தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ரவிக்கையைப் பிரித்துப் பெரிதாக்குவது, கால்சட்டையை வெட்டிச் சின்னதாக்குவது, அதுதான் தொழில். நான் வேன் ஓட்டுகிறேன். வேன் ஓடாத நாட்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அளவு எழுதுவேன். அவள் டேப்பை இழுத்துப் பிடித்து, மிஷின் சத்தத்துக்கும் தெருச் சத்தத்துக்கும் மேலே, "மார்பு நாப்பது! இடுப்பு முப்பத்தாறு!" என்று கத்துவாள். நான் எழுதிக்கொள்வேன். நான் எழுதுவதில் எண்கள் மட்டும்தான் நம்பகமானவை. தொடக்கப்பள்ளி என்னை வெளியே அனுப்பியதா, நானாக விட்டு வந்தேனா என்று எங்கள் இருவருக்கும் இன்னும் தகராறு தீரவில்லை.

இடையிடையே புதிதாகத் தைத்து வைத்த ரவிக்கைகளை ஆன்லைனில் விற்கலாம் என்று அவளுக்கு ஓர் ஆசை வந்தது. படம் பிடித்துப் போட்டால் போதும் என்று நினைத்தோம். அப்படி இல்லையாம். பன்னிரண்டு நிறம். ஒவ்வொரு நிறத்திலும் முப்பத்து நாலிலிருந்து நாற்பத்து நாலு வரை ஆறு சைஸ். சிவப்பில் முப்பத்து நாலு ஒரு வரி, சிவப்பில் முப்பத்தாறு இன்னொரு வரி, இப்படி எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொன்னால்தான் வாங்குகிறவர் நிறத்தையும் சைஸையும் அமுக்கி எடுக்க முடியும். அதையெல்லாம் மொத்தமாக ஏற்றுவதற்குக் கட்டம் போட்ட ஷீட் ஒன்று கொடுத்திருந்தார்கள்.

"நீங்க நிரப்பிடுறீங்களா? எனக்குத் தைக்கவே நேரம் பத்தல" என்றாள்.

"இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?" என்றேன். அப்போதே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

புக்கிட் பாத்தோக் வீட்டில் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து ஒரு வீடியோ பார்த்தேன். முதல் இரண்டு எண்ணைத் தட்டு, கட்டத்தின் மூலையைப் பிடி, கீழே இழு, மிச்சத்தை அதுவே போட்டுக்கொள்ளும் என்று அதில் ஒரு தம்பி சொன்னான். நிறங்களையெல்லாம் ஒழுங்காகத் தட்டி முடித்தேன். பக்கத்து வரிசையில் முப்பத்து நாலு, முப்பத்தாறு என்று போட்டு மூலையைப் பிடித்து இழுத்தேன். எண்கள் தடதடவென்று இறங்கின. எனக்கு ஒரே பெருமை. படித்தவர்கள் இத்தனை வருடம் பந்தா பண்ணிக்கொண்டிருந்தது இதற்குத்தானா என்று தோன்றியது. அப்படியே ஏற்றிவிட்டு மைலோ கலக்கிக் குடித்தேன்.

நாற்பத்து நாலில் நின்று, அடுத்த நிறத்துக்குத் திரும்ப முப்பத்து நாலிலிருந்து வர வேண்டும் என்பது அந்த ஷீட்டுக்கு எப்படித் தெரியும்? அது இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. சிவப்பு மட்டும் சரி. பச்சை நாற்பத்தாறில் தொடங்கி ஐம்பத்தாறில் முடிந்தது. கடைசியில் இருந்த மாம்பழ மஞ்சள் நூற்று எழுபத்தாறு வரை போயிருந்தது. அந்த ரவிக்கையை எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கே மாட்டி முதுகில் கொக்கி போடலாம்.

முதல் ஆர்டர் வந்தபோதுதான் இதெல்லாம் தெரிந்தது. மனைவி போனைப் பார்த்தாள்.

"ஏங்க, பச்சையில அம்பத்தி நாலுன்னு ஆர்டர் வந்திருக்கு. நாம தைச்சதே நாப்பத்தி நாலு வரைக்கும்தானே?"

ஷீட்டைத் திறந்து காட்டினேன். மேலிருந்து கீழே பார்த்தாள். மஞ்சளுக்கு வந்ததும் நூல்கண்டை என் மேல் எறிந்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

அப்போதுதான் ஆர்டர் போட்ட பெண்ணிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"சிஸ்டர், நெசமாவே அம்பத்தி நாலு இருக்கா? கண்ணு கெட்டுப்போச்சோன்னு ரெண்டு தடவ பாத்தேன். எனக்கு அடுத்த மாசம் கல்யாணம் லா. சிரிக்காதீங்க, எனக்குத்தான், இந்த வயசுல. அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், சேலை கட்டிட்டு வான்னு. நான் சேலை கட்டி ரொம்ப வருஷம் ஆச்சு. தையக்கடைக்குப் போனா நம்பர கத்திச் சொல்றாங்க சிஸ்டர், கடையே திரும்பிப் பாக்குது. அதோட போறதையே விட்டுட்டேன். ஒங்க கடையில பட்டன அமுக்குனா போதும், யாரும் என்னைப் பாக்கல. தேங்க்ஸ் சிஸ்டர்."

மனைவி சிரிப்பை நிறுத்தியிருந்தாள். அந்தச் செய்தியை இன்னொரு முறை போட்டுக் கேட்டாள். 'கத்திச் சொல்றாங்க' என்ற இடத்தில் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கேன்சல் பண்ணிடலாமா? கம்ப்யூட்டர் தப்பு பண்ணிடுச்சுன்னு சொல்லிடுவோம்" என்றேன்.

"கம்ப்யூட்டரா பண்ணுச்சு?"

"சரி, நானும் கம்ப்யூட்டரும்."

"தப்பா போட்டுட்டோம்னு சொன்னா, அந்த சைஸே தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிடும்ங்க" என்றாள். பிறகு போனை வாயருகே வைத்து, "அக்கா, கல்யாணத்துக்கு வாழ்த்துக்கள். பச்சையில இருக்கு. ஆனா கல்யாண ரவிக்கை, ஒங்க ஒடம்புக்குன்னு பாத்துத் தைச்சுத் தரேன். திங்கக்கிழமை காலையில கடை தெறக்குறதுக்கு முன்னாடி வாங்க, யாரும் இருக்க மாட்டாங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

பதில் வர வெகுநேரம் ஆனது. "வரேன்" என்று ஒரே வார்த்தை.

அவர் கேலாங்கிலிருந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். தொளதொளவென்று ஒரு டீ-ஷர்ட், கையில் எங்களுக்காக ஒரு பை நிறைய குவே பலகாரம். பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியிலேயே நின்று உள்ளே எத்தனை பேர் என்று பார்த்தார். என்னைப் பார்த்ததும் அவர் கால் பின்னால் போனது.

"அவர ஒரு ஆளா எண்ணாதீங்கக்கா, உள்ள வாங்க" என்றாள் மனைவி.

"ஆமாக்கா, வீட்டுலயும் அப்படித்தான்" என்றேன். அவர் லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே வந்தார்.

மனைவி போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தாள். நான் தெருவைப் பார்த்து நிற்க வேண்டும், திரும்பக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. டேப்பைக் காலையிலேயே என் சட்டைப் பையில் திணித்திருந்தாள். எதற்கென்று அப்போது புரியவில்லை.

"டேப் இல்லையா சிஸ்டர்?" என்று உள்ளிருந்து குரல் கேட்டது.

"எங்கயோ போச்சுக்கா. இவர்தான் தொலைச்சிருப்பாரு. நூல் போதும்."

ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நூல் பிடித்து வெட்டினாள். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. எந்த எண்ணும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. திரைக்கு வெளியே ஒரு கை நீண்டது. சிவப்பு நூல் மார்பு, மஞ்சள் இடுப்பு, நீலம் கை. நான் விரலுக்கொன்றாகச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

"கலந்துடாதீங்க. அப்புறம் கை அளவு இடுப்புக்குப் போயிடும்" என்று மெதுவாகச் சொன்னாள்.

எங்களுக்குத் திருமணமாகி இத்தனை வருடத்தில் அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

பட்டன் அமுக்கியபோது படத்தில் பார்த்த அதே பச்சைதான் வேண்டும் என்றார் அந்தப் பெண். மிச்சமிருந்த துணி போதாது. அந்தப் பச்சைக்காக வேனை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாப் பச்சையும் ஒன்றுதானே என்று நினைத்தவன் நான். ஒருவழியாகக் கிடைத்தது. ஷீட்டையும் திருத்தினேன். இந்த முறை மூலையைத் தொடவில்லை, ஒவ்வொரு எண்ணையும் ஒற்றை விரலால் தட்டினேன். நாற்பத்து நாலில் நிறுத்தப் போனேன்.

"எல்லா நெறத்துலயும் அம்பத்தாறு வரைக்கும் போடுங்க" என்றாள் மனைவி.

"தைக்கணுமே மா."

"தைக்கிறது நானா நீங்களா?"

அந்தப் பெண் ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்தபோது சேலையையும் கொண்டுவந்திருந்தார். திரைக்குப் பின்னால் ஒவ்வொரு கொக்கியாகப் போடும் சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. நூலைக் கலந்துவிட்டேனோ என்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, திரும்பலாம்" என்றாள் மனைவி.

திரும்பினேன். பச்சை ரவிக்கையும் மெரூன் சேலையுமாக அவர் நின்றிருந்தார். கண்ணாடிப் பக்கம் போகவே இல்லை. மெதுவாக இரண்டு கைகளையும் தூக்கினார். தோள் வரை, பிறகு தலைக்கு மேலே. காதைச் சாய்த்து, எங்கேயாவது தையல் விடும் சத்தம் வருகிறதா என்று கவனித்தார். வரவில்லை.

"மாலை போடணும்ல சிஸ்டர். அவர் நல்ல ஒசரம். அப்ப பிரிஞ்சிடுச்சுன்னா என்ன பண்றதுன்னு, அதே நெனப்பு" என்றார்.

மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றாள். "இவ்ளோ ஒசரமா?"

"இன்னும் கொஞ்சம்."

அவள் குதிகாலைத் தூக்கினாள். ஸ்டூல் ஆடியது, நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் இல்லாத மாலையை இரண்டு கையாலும் ஏந்தி, எட்டி, என் மனைவியின் கழுத்தில் போட்டார். மனைவி மாப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்தாள்.

"இன்னொரு தடவ" என்றார் அவர்.